திரையில் தொலைந்த புள்ளி: காட்சி அட்டையின் கதை



வீட்டுக் கணினியின் திரை கெட்டுப் போய்விட்டது என்று என்னிடம் வருவோர் சொல்லும் குறைகளைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்தாறுக்குமேல் தேறாது. எழுத்துகள் திடீரென்று பருத்து, திரைக்குள் அடங்காமல் நிற்கின்றன. ஒளிப்படங்களில் முகமெல்லாம் சேறு பூசினாற்போல் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. திரை நடுங்குகிறது, சற்று நேரம் பார்த்தால் தலை வலிக்கிறது. திரை முழுவதும் கறுத்துப்போய், நடுவே ஆங்கில அறிவிப்பு ஒன்று மட்டும் மிதக்கிறது. மற்றெல்லாம் சரியாக இருந்தும் எழுத்து மட்டும் புகை படிந்தாற்போல் மங்கிக் கிடக்கிறது. இவற்றுள் எதைச் சொன்னாலும் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் மருந்து ஒன்றுதான்: 'வீடியோ கார்டை மாற்ற வேண்டும்.'

நான் வன்பொருள் வல்லுநன் அல்லன், தமிழாசிரியன். ஆனால் வரலாற்றில் ஈடுபாடு உண்டு. அந்த ஈடுபாட்டோடு பார்க்கும்போது, மேலே சொன்ன குறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த ஆண்டு இருக்கிறது. ஏதோ ஓர் ஆண்டில் எவரோ ஒரு பொறியாளர் செய்த முடிவு, நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கணினியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குறைகளை நாமே தீர்த்துவிடலாம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுத விழைகிறேன்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் எழுத்தில் புள்ளிதான் உயிர்மெய்யை மெய்யாக்குகிறது. மண் என்பதில் புள்ளி போனால் மண. நில் என்பதில் போனால் நில. அச்சுப் புத்தகத்தில் இந்தப் புள்ளிக்கு ஆபத்தில்லை. திரையிலோ சிறிய அளவு எழுத்தில் புள்ளி என்பது ஒன்றோ இரண்டோ படப்புள்ளிகள் மட்டுமே. காட்சி அட்டையின் அமைப்பு சற்றுப் பிறழ்ந்தாலும் முதலில் காணாமற்போவது அதுதான். ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து மங்கினாலும் குழந்தை ஊகித்துப் படித்துவிடும். இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன் புள்ளியில்லாத மெய்யை எப்படி ஊகிப்பான்? திரையில் இருப்பதை அவன் இருந்தபடியே படிப்பான். நாம் அவனைத் திருத்துவோம். பனையோலையில் எழுதிய முன்னோர் ஓலை கிழியும் என்று புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டனர். படிப்பவர் புலவர், பொருளறிந்து படித்துக்கொண்டார். நம் மாணவர்கள் இன்னும் புலவர்கள் ஆகவில்லை.

இனிக் கதைக்கு வருவோம்.

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிவித்தது. அதனோடு இரண்டு வகைக் காட்சி அட்டைகள் விற்பனைக்கு வந்தன. ஒன்றின் பெயர் எம்.டி.ஏ.; மற்றொன்று சி.ஜி.ஏ. முதலாவதற்குப் படம் வரையவே தெரியாது; எழுத்து மட்டும்தான். திரையில் வரிக்கு 80 இடங்கள், 25 வரிகள், ஆக 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட்டுகள்: எந்த எழுத்து என்பதற்கு ஒன்று, அதை எவ்வாறு காட்டுவது என்பதற்கு ஒன்று. 2,000 கட்டங்களுக்கு 4,000 பைட்டுகள். அட்டையில் இருந்த நினைவகமோ 4 கிலோபைட்டு, அதாவது 4,096. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்தது அந்தக் கணக்கு.

எழுத்துகளின் வடிவம் அட்டையிலேயே பதிக்கப்பட்ட ஒரு சில்லில் இருந்தது. மொத்தம் 256 வடிவங்கள். மாற்றவோ அழிக்கவோ இயலாது. ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் போக, ஐரோப்பிய மொழிகளுக்கான சில எழுத்துகளும் கோடுகளும் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களும்கூட அதில் இடம்பெற்றிருந்தன. சிரித்த முகம் ஒன்றும் இருந்தது. தமிழுக்கு இடமில்லை, நம்மை எவரும் வெறுத்ததனால் அன்று, நினைவில் வராததனால். 247 எழுத்துகள் உள்ள ஒரு மொழி 256 வடிவங்களுக்குள் அடங்கிவிடும்போல் தோன்றும். ஆனால் அவற்றில் பாதியை ஆங்கிலம் முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது.

இடம் கிடைத்திருந்தாலும் வேறொரு சிக்கல் காத்திருந்தது. சி.ஜி.ஏ. அட்டையில் ஓர் எழுத்துக்குரிய கட்டம் 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். இதன் பொருள் என்ன என்பதை மாணவர்களுக்கு உணர்த்த எளிய வழி உண்டு. கணிதப் பாடத்துக்குரிய கட்டக் குறிப்பேட்டில் எட்டுக்கு எட்டுச் சதுரம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். உள்ளே கட்டங்களைக் கறுப்பாக்கித் தமிழ் எழுத்தை உருவாக்கச் சொல்லுங்கள். ட, ப, ம மூன்றும் எளிதில் வந்துவிடும். க, த சற்றே திணறும். ஐ, ஞ, இ என்று வரும்போது வகுப்பே சிரிக்கும். ணை, லூ போன்றவற்றுக்கு ஒரு கட்டம் போதாது. நான்காம் ஆண்டு வகுப்பில் இதைச் செய்துபார்த்திருக்கிறேன். அன்று மாணவர்கள் எழுத்தின் வடிவத்தை உற்றுப் பார்த்ததுபோல் எழுத்துப் பயிற்சி ஏட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. எம்.டி.ஏ. அட்டையின் கட்டம் 9 அகலம், 14 உயரம். அது கொஞ்சம் தேவலாம். ஆனால் சில்லு பூட்டிக் கிடக்கிறதே!

அந்தப் பூட்டை உடைத்தவர் நம் அண்டை நாட்டுக்காரர். தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் கலிபோர்னியாவில் இருந்தபோது தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார். எழுத்துகளைத் தவிர வேறெதையும் காட்டத் தெரியாத எம்.டி.ஏ. அட்டையில் அது நடவாது. ஆகவே திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றி அணைக்கக்கூடிய அட்டை ஒன்றைத் தாமே வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த அந்த அட்டைக்கு ஹெர்குலிஸ் என்று பெயர். 720க்கு 348 புள்ளிகள். 64 கிலோபைட்டு நினைவகம். ஐ.பி.எம். அட்டையின் தெளிவான எழுத்தும் இருந்தது, படம் வரையும் ஆற்றலும் இருந்தது. லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கேட்டு மென்பொருள் அதில் வரைபடம் காட்டியதும், தாய் மொழியைப் பற்றி எதுவும் அறியாத அமெரிக்க அலுவலகங்கள் எல்லாம் அந்த அட்டையை வாங்கிப் பொருத்தின.

தாய்மொழி என்ற சொல் அவருக்கு இரு பொருளிலும் பொருந்துவதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். அது மட்டுமன்று. தாய் எழுத்து கெமர் எழுத்தின் வழியாகக் காஞ்சிப் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. மெய்யெழுத்தைச் சுற்றி மேலும் கீழும் முன்னும் பின்னும் உயிர்க்குறிகள் நிற்கும் அமைப்பு நமக்கும் அவர்களுக்கும் பொது. கணினித் திரையில் நம் எழுத்துக்கு இருந்த அதே இடர்தான் அவருக்கும் இருந்தது. வன்பொருள் வரலாற்றை எழுதுவோர் இந்தச் செய்தியை ஒரு சுவையான துணுக்காகக் கூறிக் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அது நடுப்பகுதி: அமெரிக்க அலுவலகங்களை நிறைத்த ஓர் அட்டை, ஆங்கிலமல்லாத ஓர் எழுத்தின் தேவையிலிருந்து பிறந்தது.

புள்ளி புள்ளியாக வரையும் வழி திறந்தபின் எழுத்து எதுவானாலும் மென்பொருளின் பொறுப்பாயிற்று. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். 1997 மே மாதம் அங்கு நடந்த தமிழ்நெட் 97 மாநாட்டுக்கு முன்னின்றவரும் அவரே. இந்தப் பக்கத்து வரலாற்றைத் தனியே எழுத வேண்டும். இங்கே அட்டையோடு நிற்கிறேன்.

1984இல் ஐ.பி.எம். இ.ஜி.ஏ. அட்டையைக் கொண்டுவந்தது. அதில் எழுத்து வடிவங்களை மென்பொருள் வழி மாற்றி ஏற்ற முடிந்தது. பூட்டு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது என்று சொல்லலாம். 1987 ஏப்ரலில் வந்தது வி.ஜி.ஏ. இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீலத் தலையும் பதினைந்து ஊசிகளும் கொண்ட அந்தக் கம்பியின் பெயர் இன்றும் அதுவே. 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள்.

முதலில் சொன்ன குறைகளுள் முதலாவது இங்கேதான் பிறந்தது. எழுத்துகள் திடீரென்று பருத்துவிட்டன என்றால், கணினி 1987க்குத் திரும்பிவிட்டது என்று பொருள். வி.ஜி.ஏ. அட்டையைப் பின்னர் வந்த எல்லா நிறுவனங்களும் பார்த்துச் செய்தன. ஆகவே எந்த அட்டையாயினும் வி.ஜி.ஏ. மொழியில் பேசினால் புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது, அட்டையின் சொந்த இயக்கி, அதாவது டிரைவர், கிடைக்காவிட்டாலும் பழுதானாலும் 640க்கு 480, 16 நிறம் என்ற அந்தப் பொது மொழிக்குத் திரும்பும்படி அமைத்தார்கள். சேஃப் மோடு என்று நாம் அஞ்சும் நிலை உண்மையில் ஒரு புகலிடம். இயக்கி இல்லாத கணினியில் இன்றைய விண்டோஸும் இதையே வேறு முறையில் செய்கிறது. டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்ற பெயர் தெரிந்தால், அட்டை நன்றாக இருக்கிறது, அதன் மொழி தெரிந்தவர்தாம் இல்லை என்று அறிந்துகொள்ளலாம்.

தோட்டத்தில் லாரி ஓட்டும் தந்தை ஒருவர், மகளின் யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குமுன் இதே குறையோடு என்னிடம் வந்தார். கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டதென்று ஒரு கடையில் விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத்தெல்லாம் பூதம்போல் நிற்கிறது. மீண்டும் கொண்டுபோனால் அட்டையை மாற்ற 300 வெள்ளி என்றார்களாம். 'கட்டாயம் மாத்தணுமா சார்? இந்த மாசம் முடியாது' என்றார். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் நிறக் கேள்விக்குறி ஒன்று நின்றது. கணினி வாங்கிய பெட்டியை அவர் வீட்டில் தூக்கிப் போடவில்லை. அதன் அடியில் தாய்ப்பலகைக்குரிய வட்டு உறை பிரிக்காமல் இருந்தது. கால் மணி நேர வேலை. அந்த 300 வெள்ளி அந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதை அறிந்தவர்களுக்கு, நான் ஏன் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்பதும் விளங்கும்.

இரண்டாவது குறை, சேறு பூசிய முகங்கள். இது வெறும் பெருக்கற்கணக்கு. 640ஐ 480ஆல் பெருக்கினால் 3,07,200 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 256 நிறம் வேண்டுமாயின் ஒரு பைட்டு தேவை. வி.ஜி.ஏ. அட்டையில் இருந்ததோ 256 கிலோபைட்டு, அதாவது 2,62,144 பைட்டுகள். போதவில்லை, ஆகவே 16 நிறத்தோடு நின்றது. 1990களின் நடுவில் வீடுகளுக்கு வந்த அட்டைகளில் ஒரு மெகாபைட்டு இருந்தது. அதில் 800க்கு 600 புள்ளிகளை 65,536 நிறங்களில் காட்டலாம்; 9,60,000 பைட்டுகள் பிடிக்கும். 1024க்கு 768 என்று பெரிதாக்கினால் அதே நிறங்களுக்குப் பதினைந்து இலட்சத்துக்குமேல் வேண்டும், நினைவகம் இல்லை, ஆகவே 256 நிறத்துக்கு இறங்க வேண்டும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் திரையளவுக்கான நகர்த்தியை ஒரு படி வலப்பக்கம் தள்ளினால் நிறங்களின் எண்ணிக்கை தானே குறைந்தது இதனால்தான். அன்று அது பழுது என்று எண்ணியவர் பலர். சட்டி சிறியது, குழம்பைக் கூட்டினால் சோற்றைக் குறைக்க வேண்டும், அவ்வளவே. இன்றைய அட்டைகளில் இந்த இடர் இல்லை. பழைய கணினியைத் தூசு தட்டி எடுத்தவர்களுக்கு மட்டும் இது பயன்படும்.

மூன்றாவது, திரை நடுக்கம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் ஓர் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாகத் திரையை நொடிக்குப் பலமுறை வரையும். நொடிக்கு 60 முறை வரைந்தால் பலருடைய கண்ணுக்கு நடுக்கம் தெரியும். 75, 85 என்று உயர்த்தினால் தெரியாது. அட்டையும் திரையும் இரண்டு நிறுவனங்களின் பொருள்கள். திரை எவ்வளவு தாங்கும் என்பது அட்டைக்குத் தெரியாத காலத்தில், வம்பு வேண்டாமென்று 60இலேயே வைத்தார்கள். தாங்க முடியாத வேகத்தைக் கொடுத்தால் பழைய திரைகள் சில பழுதடையவும் கூடும். பின்னர் வந்த திரைகள் தம்மைத் தாமே காத்துக்கொண்டு 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று அறிவித்தன. கறுத்த திரையில் மிதக்கும் அந்த ஆங்கில அறிவிப்பு இதுதான். விண்டோஸில் திரையமைப்பை மாற்றியவுடன் 'இதை வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டு, பதிலில்லையேல் 15 நொடியில் பழையதற்குத் திரும்புகிறதே, அந்தக் கேள்வி இப்படிக் கறுத்துப்போன திரைகளின் அனுபவத்தில் விளைந்தது. ஆகவே திரை கறுத்தால் எதையும் தொடாமல் பதினைந்துவரை எண்ணுங்கள்.

2000களில் எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஒரு மாணவி இருந்தாள். புத்தகத்தில் நன்கு படிப்பாள். கணினி முன் அமர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கணினி என்றால் அவளுக்குச் சோம்பல் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தனர். ஒருநாள் பக்கத்து மேசையில் வேறொரு வேலையாக இருந்தபோது அவளுடைய திரை என் கடைக்கண்ணில் துடிப்பதைக் கண்டேன். நேரே பார்த்தால் தெரியவில்லை. கண்ணின் ஓரம் நடுக்கத்தை நடுவைவிடக் கூர்மையாக உணரும். அமைப்பைப் பார்த்தால் 60. அதை 75ஆக மாற்றினேன்; அடுத்த வாரம் அவள் அங்கிருந்து எழ மறுத்தாள். 'சோம்பல்' என்ற சொல் அவளுடைய பதிவேட்டில் ஏறியிருந்தால் யார் அழித்திருப்பார்கள்?

இதற்கிடையே காட்சி அட்டைகளின் உலகில் பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ, 1999இல் என்விடியாவின் ஜீபோர்ஸ் 256, 2000இல் ஏ.டி.ஐ.யின் ரேடியான் என்று முப்பரிமாண விளையாட்டுக்கான அட்டைகள் ஒன்றையொன்று விழுங்கின. 3டிஎஃப்எக்ஸ் 2000 இறுதியில் என்விடியாவிடம் வீழ்ந்தது, ஏ.டி.ஐ.யை 2006இல் ஏ.எம்.டி. வாங்கியது. லோ யாட் பிளாசாவிலும் சிம் லிம் சதுக்கத்திலும் பிள்ளைகள் விலை கேட்டு அலைந்தது இவற்றுக்காகத்தான். பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: தமிழ் எழுத்தைத் தெளிவாகக் காட்ட இந்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கும் வேண்டா. இன்டெல் நிறுவனம் 1999இல் 810 என்னும் சில்லுத் தொகுதியில் காட்சி வேலையைத் தாய்ப்பலகையிலேயே அடக்கிவிட்டது. மலிவுக் கணினிகளில் தனி அட்டையே இல்லை. பொது நினைவகத்தில் ஒரு பங்கைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இல்லாத அட்டையை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சிந்தியுங்கள்.

இனிப் புள்ளியின் கதை. 2000களின் நடுவில் தட்டைத் திரைகள் வீடுகளுக்கு வந்தன. குழாய்த் திரைக்கு எந்த அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். கற்றை எங்கும் வரையும். தட்டைத் திரையிலோ புள்ளிகள் எண்ணிப் பதிக்கப்பட்டவை. 17 அங்குலத் திரையில் பெரும்பாலும் 1280க்கு 1024. பழைய பழக்கத்தில் 1024க்கு 768 என்று அமைத்துக்கொண்டவர் மிகப் பலர்; எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்பதும் ஒரு காரணம். விளைவு என்ன? 768 வரிசைகளை 1024 வரிசைகளில் பரப்ப வேண்டும். மூன்றை நான்காக இழுக்க வேண்டும். ஒரே வரிசை உயரமுள்ள கருப்புப் புள்ளி ஒன்றே கால் வரிசைக்குமேல் இழுபட்டுச் சாம்பலாகிறது. அதன்கீழே க இருக்கிறது, ம இருக்கிறது, ள இருக்கிறது. மேலே புகைபோல ஏதோ ஒன்று. பெரியவர்களாகிய நமக்குத் தெரியும், அது புள்ளி என்று. தெரிந்ததனால் காண்கிறோம்.

இதற்கு மருந்து எளிது. விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில் ரெகமெண்டட் என்று குறித்துள்ள அளவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து சிறியதாகத் தோன்றினால் திரையளவைக் குறைக்காமல், ஸ்கேல் என்ற இடத்தில் 125 விழுக்காடு என்று எழுத்தை மட்டும் பெரிதாக்குங்கள். முன்னது துணியை இழுப்பது; பின்னது பெரிய துணியாக நெய்வது. எழுத்தின் ஓரத்தைச் சீராக்கும் கிளியர்டைப் என்ற நுட்பம் விண்டோஸ் எக்ஸ்பியில் 2001 முதல் இருந்தும் தானே இயங்காமல் அணைந்தே கிடந்தது. விஸ்டாவில்தான் முதலிலிருந்தே இயங்கியது. ஒரு புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பகுதிகளையும் தனித்தனியே பயன்படுத்தும் நுட்பம் அது. திரையளவு பொருந்தாவிட்டால் அதுவும் கெட்டு, எழுத்தின் ஓரத்தில் வானவில் தெரியும்.

நம் பள்ளிகளில் இந்தச் சிக்கல் வேறொரு வாயிலாகவும் நுழைந்தது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது மடிக்கணினிகளும் ஒளிவீச்சிகளும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தன. அந்தத் திட்டத்தைப் பற்றி என் கருத்து வேறு. அது 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. கருவிகள் எஞ்சின, அவற்றில் தமிழும் காட்டினோம். மடிக்கணினியின் திரை ஓர் அளவு, ஒளிவீச்சியின் அளவு 800க்கு 600 அல்லது 1024க்கு 768. இரண்டிலும் ஒரே காட்சியைக் காட்டச் சொன்னால் ஏதேனும் ஒன்று மங்கும். வகுப்பு பார்ப்பது சுவரை. ஆகவே ஒளிவீச்சியின் அளவுக்கே அமைக்க வேண்டும். ஆசிரியர் பலர் தம் மடியிலிருக்கும் திரை அழகாகத் தெரிய அமைத்துக்கொள்கிறோம்.

அட்டையின்மீது சுமத்தப்படும் பொய்வழக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது, எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிவது ஆகியவை காட்சி அட்டையின் குற்றமல்ல. எக்ஸ்பியில் தமிழுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. அதைச் செய்யாதவர்களுக்குக் கொம்பு இடம் மாறிற்று. பழைய ஆவணங்களில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களின் வேலை. அட்டையைப் பொறுத்தவரை அதற்குத் தமிழும் தெரியாது, குப்பையும் தெரியாது, கொடுத்ததைக் காட்டும்.

உண்மையாகவே வன்பொருள் கெடுவதும் உண்டு. எழுத்து இயங்கத் தொடங்கும் முன்பே, நிறுவனத்தின் பெயர் தோன்றும் முதல் திரையிலேயே கோடுகளும் சிதறலும் தெரிந்தால் இயக்கியைக் குறை சொல்லாதீர்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் அட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, அட்டையை எடுத்து, மாணவர்களின் அழிப்பானால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்துத் துகளை ஊதி மீண்டும் பொருத்தினால் சரியாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காற்றாடியில் தூசு அடைந்திருந்தாலும் சூடேறி நின்றுவிடும். ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த தாய்ப்பலகைகளிலும் அட்டைகளிலும் தரமற்ற மின்தேக்கிகள் பல புகுந்தன. சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தால், அப்போது செலவு செய்யத்தான் வேண்டும்.

விளையாட்டின் நடுவிலோ காணொளியின் நடுவிலோ திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் வருகிறதா? விஸ்டா முதல் விண்டோஸ் தானே செய்யும் மருத்துவம் அது. அட்டை இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் இயக்கியை நிறுத்தி மீண்டும் எழுப்பும். முன்பு இத்தகைய வேளைகளில் கணினியே உறைந்து நீலத்திரை வந்தது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு பி எழுத்தைத் தட்டினால் நாமே அந்த எழுப்புதலைச் செய்யலாம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் பழைய மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அப்போது என் கைப்பேசிக்கு அதிகமாக வந்த புகார், பக்கத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்பது. அட்டை மேல் பழி போட்டார்கள். இதுவும் வரலாற்றின் எச்சமே. குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரம் நேராக நிற்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். குழாய் போய்விட்டது, மறைக்கும் பழக்கம் தட்டைத் தொலைக்காட்சியிலும் தொடர்கிறது. தொலைக்காட்சியின் பட அமைப்புப் பட்டியலில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று நிறுவனத்துக்கொரு பெயரில் இருக்கும் தேர்வை மாற்றினால் ஓரம் திரும்ப வந்துவிடும்.

இன்று மாலை உங்கள் வீட்டுக் கணினியில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, 12 அளவில் மண், மண, நில், நில, கல், கல என்ற சொற்களை வரிசை மாற்றித் தட்டுங்கள். பிள்ளை வழக்கமாக அமரும் நாற்காலியில் அவனையோ அவளையோ அமர்த்தி, குனியாமல் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் முதலில் திரையின் அளவைப் பாருங்கள்.